லாட்ஜுக்கு ஒரு தலபுராணம்

டெக்சாஸில் பிறந்தவர்கள், பிழைக்க வந்தவர்கள், வழி தவறி நுழைந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து ஆயுள் முழுக்கச் சொல்லக்கூடிய பொய்களை, தலபுராணம் அண்ணாச்சி ஒரே ஆளாக ஒரு காலை வேளையில் இட்லி வேகும் முன்பே சொல்லி முடித்துவிடுவார். இதில் மிகை எதுவும் இல்லை. இட்லி வேக எத்தனை நிமிடம் ஆகும் என்று வேண்டுமானால் விவாதிக்கலாம்.

அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. டல்லாஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் தமிழர்கள் யாருக்குமே தெரியாது. திருச்செந்தூர் பக்கத்துக்காரர் என்பது மட்டும் பேச்சிலேயே தெரிந்துவிடும். அந்தப் பக்கத்துத் தேரிக்காட்டு மணலில் கால் வெந்தது போதும் என்று கப்பலேறி, விமானமேறி அமெரிக்கா வந்தவர், சேர்த்த பணத்தையெல்லாம் போட்டு வாங்கியது என்ன தெரியுமா? மேற்கு டெக்சாஸ் பாலைவனத்தில் இன்னும் கொஞ்சம் மணல். அந்த மணலுக்கு நடுவே எட்டு அறை கொண்ட ஒரு லாட்ஜ், அதை ஒட்டி 'டிரேடிங் போஸ்ட்' என்று போர்டு போட்ட ஒரு கடை, தண்ணீரே இல்லாத ஒரு நீச்சல்குளம். சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வேறு ஒரு கூரை கிடையாது.

நான் முதல்முறை அங்கே போனது விசா முத்திரைக்காக. அப்போது டல்லாஸுக்குப் பக்கத்தில் வேலை. முத்திரை குத்திவர ஊருக்குப் போகிறேன், மூன்று வாரம் லீவு கொடுங்கள் என்று மேனேஜரிடம் கேட்டால், மனிதர் நிரந்தரமாகவே லீவு கொடுத்துவிடுவாரோ என்று பயம். என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளிகள் எல்லாம் எல் பாசோ வரை கார் ஓட்டிப் போய், எல்லைப் பாலத்தைத் தாண்டி மெக்சிகோவில் முத்திரை வாங்கிக்கொண்டு திரும்புவது அந்த நாட்களில் வழக்கம். முத்திரை கிடைக்காவிட்டால் திரும்பி வர முடியாது. அங்கிருந்து அப்படியே சென்னைக்கு விமானம் ஏற வேண்டியதுதான். பத்து மணி நேரப் பயணம் முழுக்க ஃபைலில் எந்தத் தாளை விட்டோம் என்றே எண்ணிக்கொண்டிருப்போம். அப்படி எண்ணுகிற நேரத்தில், எட்டாவது மணியில், சரியாக அண்ணாச்சியின் லாட்ஜ் வரும்.

கடைக்குள் நுழைந்தேன். தலையில் கௌபாய் தொப்பி, உடம்பில் கைவைத்த பனியன், இடுப்பில் கட்டம் போட்ட லுங்கி. இப்படி ஒருவர் கல்லாவில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க தம்பி. ஸ்டாம்பிங்கா?"

"எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

"மூஞ்சியிலதான் எழுதி ஒட்டியிருக்கே. ஃபைலை நெஞ்சோட சேத்து அணைச்சிக்கிட்டு வேற எவன் பாத்ரூம் எங்கன்னு கேட்டு வாரான்? எத்தனாவது எக்ஸ்டென்ஷன்?"

"முதல் தடவை."

"அப்ப ஒமக்கு மூணாம் நம்பர் ரூமு." சாவியை எடுத்து மேசைமேல் வைத்தவர், அதன்மேல் கையை வைத்து மூடிக்கொண்டார். கதை கேட்காமல் சாவி கிடைக்காது என்பது அங்கே சட்டம்.

"இது லேசுப்பட்ட எடம்னு நெனைக்காதிய. ஆதியில இங்க ஒரு கௌபாய் இருந்தான். நூறு மாடு மேய்ச்சான். அதுல ஒரு செவலைப் பசுவுக்கு மட்டும் சாயங்காலம் கறந்தா மடியில சொட்டுப் பால் இருக்காது. எவனோ திருடிக் கறக்கான்னு துப்பாக்கியத் தூக்கிக்கிட்டுப் பசு பின்னாலயே போனான். அது என்ன செஞ்சுது? நேரா வந்து, இந்தா, இப்ப நீங்க நிக்கிய பாருங்க, இதே எடத்துல ஒரு பாம்புப் புத்து மேல தானாப் பாலைச் சொரிஞ்சுது. கடப்பாரையைப் போட்டுத் தோண்டுனான். டங்குன்னு ஒரு சத்தம். குபுகுபுன்னு ரத்தம் வந்துச்சு. பொறவு அதுவே தண்ணியா மாறிச்சு. மயங்கி விழுந்தவன் கனவுல..."

"பொய்யி," என்றது உள்ளேயிருந்து ஒரு பெண்குரல்.

அண்ணாச்சி தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "கனவுல ஒரு அசரீரி. 'பக்தா, இந்த எடத்துல ஒரு லாட்ஜ் கட்டு'ன்னு."

தமிழ்நாட்டில் பாதிக் கோயில்களுக்கு இதே பசுதான், இதே புற்றுதான், இதே கடப்பாரைதான். அந்தப் பசு எந்த விசாவில் டெக்சாஸ் வந்தது என்று கேட்க எனக்கு வாய் துறுதுறுத்தது. சாவி அவர் கைக்குக் கீழே இருந்ததால் கேட்கவில்லை.

பசுவோடு விட்டிருந்தால் பரவாயில்லை. தலபுராணம் என்றால் தல விருட்சம் வேண்டாமா? வாசலில் நின்ற மெஸ்கீட் மரத்தைக் காட்டினார். உற்றுப் பார்த்தேன். நம் ஊரில் நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்று வேரோடு பிடுங்கச் சொல்லி ஊர் ஊராகக் கூட்டம் போட்ட அதே சீமைக்கருவேலம். அதன் கழுத்தில் மஞ்சள் துணி கட்டியிருந்தார். தீர்த்தம்? காலி நீச்சல்குளம். "இப்ப தண்ணி அந்தர்வாகினியா பூமிக்கடியில ஓடுது" என்றார். அறைக்கு ஓர் அருள். ஒன்றாம் நம்பர், வேலை போனவர்களுக்கு. இரண்டு, கல்யாணம் தள்ளிப் போகிறவர்களுக்கு. மூன்று, ஹெச்-ஒன் விசாவுக்கு. ஐந்து, கிரீன் கார்டு.

"நாலு?"

"நாலுல ஏசி ஓடாது தம்பி. அதனால அது முக்தி."

சாவியை வாங்கிக்கொண்டு நகர்ந்தபோது அந்தப் பெண்குரலுக்கு உரியவர் வெளியே வந்தார். அண்ணாச்சியின் மனைவி. எல்லோருக்கும் மதினி. "அவிய சொல்லுததைக் கேட்டுக்கிட்டு நிக்காதிய தம்பி. முழுப் பொய்யி. போயி ஃபேனைப் போட்டுப் படுங்க, சோறு வடிச்சதும் கூப்பிடுதேன்" என்றார். அந்த லாட்ஜில் நான் கேட்ட முதல் உண்மை அதுதான்.

மறுநாள் எனக்கு முத்திரை கிடைத்தது. எல்லாத் தாளும் சரியாக இருந்தது, கிடைத்தது. அதை அப்படியே விட்டிருக்க வேண்டும். விட்டேனா? டல்லாஸ் திரும்பியதும் நாலு பேரிடம் "சும்மா ஒரு ஜோக்குக்கு" மூன்றாம் நம்பர் கதையைச் சொன்னேன். ஜோக் என்பது நம் ஆட்களுக்கு வாட்ஸ்ஆப்பில் போகும்வரைதான் ஜோக். இரண்டே வாரத்தில் அது அனுபவம் ஆகி, அடுத்த மாதம் ஐதீகம் ஆகிவிட்டது.

கம்ப்யூட்டருக்கே யோசிக்கச் சொல்லிக் கொடுக்கிற வேலையில் இருப்பவர்கள், மூன்று டிகிரியை முதுகில் சுமப்பவர்கள், ஊரில் அம்மா விளக்கேற்றச் சொன்னால் "லாஜிக் என்ன?" என்று கேட்பவர்கள், இவர்கள் எல்லாம் குடும்பத்தோடு எட்டு, ஒன்பது மணி நேரம் கார் ஓட்டி வந்து ஐந்தாம் நம்பர் அறைக்கு வரிசையில் நின்றார்கள். ஐஸ் மெஷினில் 'உபயம்: ஆஸ்டின் நண்பர்கள்' என்று எழுதி ஒட்டினார்கள். ஒரு கம்பெனி டைரக்டர், ஆமாம் டைரக்டர், என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ரூமுக்குள்ள லேப்டாப்பை ஆன் பண்ணி வெச்சா நல்லதா, ஆஃப் பண்ணி வெச்சா நல்லதா?" என்று கேட்டார். அண்ணாச்சியை விட்டுவிட்டு இவர்களைப் பற்றி எழுதினால் தனிப் புத்தகமே ஆகும்.

புராணம் பலிக்காமல் போனவர்களும் உண்டு. ஐந்தாம் நம்பரில் இரண்டு நாள் தங்கியும் கிரீன் கார்டு நகரவில்லை என்று ஒருவர் ஹூஸ்டனிலிருந்து சண்டை போடவே வந்தார். நான் அன்று அங்கே இருந்தேன். வந்த வேகத்தில் ரசீதை மேசைமேல் அடித்தார்.

அண்ணாச்சி அசரவில்லை. "எங்க படுத்திய? கட்டில்லயா, தரையிலயா?"

"கட்டில்லதான்."

"தலை எந்தப் பக்கம்?"

வந்தவர் யோசித்தார். "ஜன்னல் பக்கம்."

"வடக்கு!" அண்ணாச்சி மேசையைத் தட்டினார். "வடக்க தலைய வச்சுப் படுத்துட்டு இங்க வந்து சத்தம் போடுதியளே, ஒங்க வீட்டுல பெரியவங்க யாரும் இல்லையா?"

அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு இன்னொரு நாள் தங்கிப் போனார். கட்டிலை வடக்குப் பார்த்துப் போட்டது அண்ணாச்சிதான் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

லாரி ஓட்டுகிற அமெரிக்கர்களிடம் இந்தக் கதை எல்லாம் எடுபடாது. அவர்களுக்கு வேறு ஏற்பாடு. போர்டில் டிரேடிங் போஸ்ட் என்று இருக்கிறதே, அப்படியென்றால் பண்டமாற்றுதானே என்று அண்ணாச்சி முடிவு செய்துவிட்டார். ஒரு டிரைவர் பஞ்சடைத்த பாம்பு ஒன்றைக் கொடுத்துவிட்டு நார்த்தங்காய் ஊறுகாய் மூன்று பாட்டில் வாங்கிப் போனார். ஒருவர் மாடு பிடிக்கிற கயிற்றைக் கொடுத்து எலுமிச்சைச் சோறு சாப்பிட்டார். மதினி அந்தக் கயிற்றைத்தான் துணி காயப்போடக் கட்டியிருந்தார். சீட்டுக்கடியில் ஊறுகாய் பாட்டில் இல்லாமல் அந்த வழியே போகாத டிரைவர்கள் உண்டு. அவர்களிடமும் பசுவின் கதையைச் சொல்லித்தான் கொடுப்பார். அவர்கள் ரொட்டிக்குள் ஊறுகாயை வைத்து மென்றபடி, மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போவார்கள்.

இதெல்லாம் வேடிக்கை, நமக்கு. மதினிக்கு வேடிக்கை இல்லை. ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னார்.

"பதினாலு வருசம் ஆச்சு தம்பி இங்க வந்து. கறிவேப்பிலை வேணும்னா ரெண்டு மணி நேரம் கார்ல போணும். பக்கத்து வீட்டை எட்டிப் பாப்பமேன்னு பாத்தா கள்ளிச்செடிதான் நிக்கி. எம்மவ எடிசன்ங்குத ஊருல இருக்கா. அங்க பூரா நம்ம ஆளுவதான். அவ வீட்டுல இருந்து நடந்தா காய்கறிக் கடை. அந்தக் கடை வாசல்ல நின்னு நாலு பொம்பளையளோட ஊர்க்கதை பேசிக்கிட்டே ஒரு கட்டு முருங்கைக்கீரை வாங்கணும். அது போதும் எனக்கு. வேற என்ன கேட்டேன்?"

மகள் பேஸ்மென்ட்டில் இவர்களுக்கென்று ஓர் அறையே கட்டி வைத்திருந்தாள். இந்த நேரம் பார்த்து, காற்றாலை வைக்கிற ஒரு கம்பெனிக்காரர்கள் லாட்ஜையும் நிலத்தையும் நல்ல விலைக்குக் கேட்டு வந்தார்கள். மாதக் கடைசிக்குள் சரி, இல்லை என்று பதில் சொல்ல வேண்டும். மதினி அன்றைக்கே இரண்டு பெட்டிகளைத் தட்டித் துடைத்து வெயிலில் வைத்துவிட்டார். அண்ணாச்சி மூன்று நாள் சாப்பாட்டில் உப்பில்லை, உப்பில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாலாம் நாள் அவருக்கு ஒரு யோசனை வந்தது.

அமெரிக்காவில் சாலையோரங்களில் பார்த்திருப்பீர்கள். இங்கே இன்னார் தங்கினார், இங்கே இன்ன சண்டை நடந்தது என்று அரசாங்கத்தார் அறிவிப்புப் பலகை நட்டிருப்பார்கள். அது தன் லாட்ஜ் வாசலுக்கும் வந்துவிட்டால்? வரலாற்றுச் சிறப்புமிக்க இடத்தை யாராவது விற்றுவிட்டு பேஸ்மென்ட்டுக்குப் போவார்களா?

மதினி ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். "அந்தக் கல்லு வந்துட்டா நான் வாயே தொறக்காம இங்கனயே கெடக்கேன். வரலைன்னா மாசக் கடைசியில நீங்க பெட்டியத் தூக்கணும். பொறவு பேச்சு மாறப்பிடாது." வராது என்பதில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

அண்ணாச்சி எனக்குப் போன் போட்டார். பத்திரிகையில் நாலு வரி எழுதுகிறவன் என்பதற்காக எனக்குக் கிடைத்த தண்டனை அது. வாசலில் கல் நடச் சொல்லி வட்டார வரலாற்றுக் கமிட்டிக்கு விண்ணப்பம் எழுதித் தர வேண்டும்.

"அண்ணாச்சி, அது கல் இல்லை. உலோகத் தகடு" என்றேன்.

"தகடா? அப்ப செப்பேடு! தம்பி, கல்வெட்டை விட செப்பேடு ஒசத்தி, தெரியுமில்லா?"

"வரலாறு கேக்கறாங்க. புராணம் இல்லை."

"ரெண்டும் ஒண்ணுதான். வரலாறுங்கது வயசாகாத புராணம். நீரு எழுதும்."

எழுதினேன். பசுவை விடச் சொன்னேன், மாட்டேன் என்றார். அசரீரியை விடச் சொன்னேன், அரை மனதாக விட்டார். ரத்தத்தில்தான் வந்து முட்டிக்கொண்டோம். "ரத்தம் இல்லாம என்னய்யா தலபுராணம்? நாளைக்கு நாலு பேரு கேட்டா சிரிக்க மாட்டானா?" என்று அரைமணி நேரம் வாதாடினார். கடைசியில் துருப்பிடித்த மாதிரி சிவப்பாகத் தண்ணீர் வந்தது என்று எழுதி சமாதானம் ஆனோம். என் வாழ்க்கையில் எவ்வளவோ குப்பை எழுதியிருக்கிறேன். கையெழுத்து போட வெட்கப்பட்டது அதற்குத்தான்.

மாதக் கடைசிக்கு ஆறு நாள் இருக்கும்போது கமிட்டியிலிருந்து ஆள் வந்தது. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. பெயர் வெர்னா. எழுபது வயதுக்குமேல் இருக்கும். தானே பிக்கப் டிரக் ஓட்டி வந்தார். கையில் தடிமனான ஃபைல். பார்த்த மாத்திரத்தில் நாங்கள் மூவருமே முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துவிட்டோம். மனதுக்குள் நான் அவரை வெர்னா டீச்சர் என்றே கூப்பிட்டேன். மொழிபெயர்க்க என்னைத்தான் நடுவில் உட்கார வைத்திருந்தார்கள்.

வெர்னா டீச்சர் கண்ணாடியை மாட்டினார். "இந்தப் பசு விஷயம் நடந்தது எந்த ஆண்டு?"

"ஆதியில" என்றார் அண்ணாச்சி.

ரொம்ப நாளைக்கு முன்னால் என்று மொழிபெயர்த்தேன். அவர் எழுதிக்கொண்டார்.

"நான் மாட்டுப் பண்ணையில் பிறந்து வளர்ந்தவள். எந்த மாடும் தானாக ஒரு இடத்தில் போய்ப் பாலைச் சொரிந்து நான் பார்த்ததில்லை."

"அவிய மாட்டுக்கு பக்தி பத்தாது, சொல்லுங்க" என்றார் அண்ணாச்சி. மாட்டுக்கு மாடு குணம் மாறும் என்று சொல்லிச் சமாளித்தேன்.

வெர்னா டீச்சர் ஃபைலைத் திறந்தார். அவ்வளவுதான், புராணம் கிழிய ஆரம்பித்தது. நிலப்பதிவுகள், பழைய செய்தித்தாள் துண்டுகள், எல்லாம் தேடி எடுத்து வந்திருந்தார். லாட்ஜைக் கட்டியவன் கௌபாய் இல்லை. பழைய டயர் விற்கிறவன். முதலில் தகரக் கொட்டகை. பிறகு அவனுடைய மச்சினன் வந்து அறைகளைக் கட்டியிருக்கிறான். இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டு விற்றுவிட்டார்கள். அதற்கப்புறம் வரிசையாக ஏழு முதலாளிகள். ஒருவர் பாம்புக் காட்சி நடத்தினார். ஒருவர் வெயில் தாங்காமல் விளக்கைக்கூட அணைக்காமல் ஓடிப்போனார். நாலு வருஷத்துக்குமேல் அங்கே ஒருவரும் தாக்குப்பிடித்ததில்லை.

"எங்கேயும் ஒரு பசு இல்லை" என்று டீச்சர் ஃபைலை மூடினார்.

நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லச் சொல்ல, அண்ணாச்சி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். தொப்பியில்லாமல் அவரை நான் பார்த்தது அன்றுதான். முழு வழுக்கை. எதற்கும் பதில் வைத்திருக்கிற மனிதர், மேசை விரிப்பில் இருந்த பூவைப் பார்த்துக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷம் இந்த ஆளை வைத்து எத்தனை தமிழ்ச் சங்க மேடையில் சிரிப்பு வாங்கியிருக்கிறேன்! அந்த நிமிஷம் எனக்கு ஐயோ என்று இருந்தது.

வெர்னா டீச்சருக்கும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. "எங்களிடம் ஒரு விதி உண்டு" என்றார். "ஆவணம் இல்லாவிட்டாலும், ஒரு கதையை இந்த இடத்தில் இரண்டு பேர் சொன்னால், வட்டாரத்தில் வழங்கும் கதை என்று சேர்த்துக்கொள்ளலாம். இங்கே இவர் ஒருவர்தான் சொல்கிறார்." பிறகு மதினியின் பக்கம் திரும்பினார். "இவ்வளவு நாள் இங்கே இருக்கிறீர்களே அம்மா, நீங்கள் சொல்லுங்கள். இந்தப் பசுவைப் பற்றி உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

மொழிபெயர்க்கவே தேவை இருக்கவில்லை. கேள்வி மதினிக்குப் புரிந்துவிட்டது. பதினாலு வருஷமாக யார் வந்து கேட்டாலும், கேட்காவிட்டாலும், சமையலறையிலிருந்து அவர் சொல்லிவந்த அந்த ஒரே வார்த்தையைச் சொன்னால் போதும். ஆறு நாளில் எடிசன். கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். வெளியே வெயிலில் காய்ந்துகொண்டிருந்த பெட்டிகளைப் பார்த்தார். அண்ணாச்சியின் வழுக்கையைப் பார்த்தார். அண்ணாச்சி நிமிரவே இல்லை.

"கவ் நாட் ரெட்" என்றார் மதினி. "பிளாக்."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"என்ன தம்பி முழிக்கிய? சொல்லுங்க அவியகிட்ட. செவலைன்னு இவிய எழுதிக் குடுத்தது தப்பு. அது காரிப் பசு. நெத்தியில வெள்ளையா சுட்டி இருக்கும். இடது கொம்பு லேசா மடங்கியிருக்கும். இந்த மனுசனுக்கு எப்பவுமே நெறம் தெரியாது. நீலத்துல சேலை எடுத்துட்டு வாங்கன்னு அனுப்புனா பச்சையத் தூக்கிட்டு வருவாரு."

அண்ணாச்சி நிமிர்ந்தார். கண் கலங்கி, கையெடுத்துக் கும்பிட்டு, நன்றி சொல்லியிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"ஏட்டி, செவலைதான!" என்றார்.

"காரி!"

"பதினாலு வருசமா நான்தான சொல்லிக்கிட்டு வாரேன், செவலைன்னு!"

"பதினாலு வருசமாத் தப்பாச் சொல்லுதிய. அதான் இப்பச் சொல்லுதேன்."

பிறக்காத பசுவின் நிறத்துக்காக இரண்டு பேரும் பத்து நிமிஷம் சண்டை போட்டார்கள். அண்ணாச்சி உண்மையாகவே கோபப்பட்டார். சாட்சி சொல்லிக் காப்பாற்ற வந்தவளையே குறுக்கு விசாரணை செய்கிற ஒரு ஆளை நான் அன்றுதான் பார்த்தேன். எதை மொழிபெயர்ப்பது என்று தெரியாமல் நான் இரண்டு பக்கமும் கையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

வெர்னா டீச்சர் எல்லாவற்றையும் பொறுமையாக எழுதினார். பேனாவை மூடிவிட்டு என்னிடம் சொன்னார்: "நான் பாதி ஆயுளை வகுப்பறையில் கழித்தவள். முன்கூட்டிப் பேசிவைத்துக்கொண்டு வருகிற பிள்ளைகள் ஒரே நிறம்தான் சொல்வார்கள்." கிளம்பும்போது ஊறுகாய் பாட்டில் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் ஏமாந்தாரா, ஏமாந்ததுபோல் இருந்தாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

மாதம் முடியும் முன்பே கமிட்டி சம்மதித்தது, பின்னாலேயே தகடு வந்தது. முக்கால்வாசி அந்த டயர்க்காரனையும் மச்சினனையும் பற்றித்தான். கடைசியில் இரண்டு வரி: தானாகப் பால் சொரிந்த ஒரு பசு இந்த இடத்தைக் காட்டிக்கொடுத்ததாக இங்கு வசிப்பவர்கள் சொல்கிறார்கள். அதன் நிறம் குறித்து அவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. காற்றாலைக்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டு போனார்கள். அண்ணாச்சி தகட்டுக்குச் சந்தனம் வைத்து, தேங்காய் உடைத்து, செப்பேடு, செப்பேடு என்று ஊரெல்லாம் படம் அனுப்பினார். அது அலுமினியம்.

வெர்னா டீச்சர் வந்துபோன அன்று சாயங்காலமே, டல்லாஸ் கிளம்புவதற்கு முன்னால், நான் மதினியிடம் கேட்டேன். வெயிலில் வைத்திருந்த பெட்டிகளை அவர் உள்ளே எடுத்து வந்துகொண்டிருந்தார்.

"ஏன் மதினி அப்படிச் சொன்னீங்க? பொய்யின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே. உங்களுக்குப் போகணும்னு எவ்வளவு ஆசை!"

"ஆசை இல்லாமலா இருக்கு?" என்றார். பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். "எடிசன்ல இவரு கதைய யாரு தம்பி கேப்பா? மருமவன் ஆபீசுக்குப் போயிருவாரு. பேரப்புள்ளைங்க காதுல எதையாவது மாட்டிக்கிட்டுத் திரியும். இவரு பேஸ்மென்ட்டுல சும்மா ஒக்காந்திருப்பாரு. இன்னைக்கு அந்த அம்மா முன்னால வாயத் தொறக்க முடியாம ஒக்காந்திருந்தாரே, பாத்தியள்ளா? எனக்கு அஞ்சு நிமிசம் பாக்கப் பொறுக்கல. மிச்ச காலம் பூரா எப்படிப் பாக்க?"

வெளியே காரில் வந்து இறங்கிய யாரிடமோ அண்ணாச்சி ஆரம்பித்திருந்தார். ஆதியில இங்க ஒரு கௌபாய் இருந்தான். மதினி அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே, "பொய்யி" என்று குரல் கொடுத்தார்.

நான் இப்போது கம்ப்யூட்டர் கம்பெனிகள் நிறைந்த சன்னிவேலில் இருக்கிறேன். இங்கே யாரும் பொய் சொல்வதில்லை. எல்லோரும் சரியான தகவலைச் சரியான நேரத்தில் சொல்லிவிட்டு அடுத்த மீட்டிங்குக்குப் போய்விடுகிறார்கள். போன வாரம் எல் பாசோவுக்கு டிக்கெட் போட்டேன். எதற்கு என்று மனைவி கேட்டாள். விசா வேலை ஒன்றும் இல்லை, ஒரு மனிதர் பேசுவார், எதிரே உட்கார்ந்து கேட்க வேண்டும் போல் இருக்கிறது என்றேன்.